மரங்கள் வெளியிடும் வாயுக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரம் என்றதும் ஆக்சிஜன் நினைவுக்கு வருவது பள்ளிப் பாடத்தின் பழக்கம். ஓர் இலையிலிருந்து வெளியேறும் வாயுக்களின் பட்டியல் அதைவிட நீளமானது. அவற்றுள் சில ஒரு மணி நேரத்தில் சிதைந்துவிடும் அளவுக்கு அற்பாயுள் கொண்டவை என்றாலும், மேகம் உருவாவதிலும் நகரங்களின் ஓசோன் அளவிலும் மீத்தேனின் ஆயுளிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. இது குறித்து வழக்கமாக எழும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

ஆக்சிஜனைத் தவிர மரங்கள் வேறு எந்த வாயுக்களை வெளியிடுகின்றன?

அளவில் முதலிடம் நீராவிக்கு. வேர் உறிஞ்சும் நீரில் பெரும்பகுதி இலைத்துளைகள் வழியே ஆவியாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. ஒரு பெரிய மரம் வெயில் நாளொன்றில் நூற்றுக்கணக்கான லிட்டர் நீரை இவ்வாறு வெளியேற்றக்கூடும். அடுத்தது கார்பன் டை ஆக்சைடு. மரமும் சுவாசிக்கிறது, ஒளிச்சேர்க்கையில் பிடித்த கார்பனில் ஏறத்தாழப் பாதியைத் தன் சுவாசத்தின் வழியாகவே திருப்பி விட்டுவிடுகிறது.

இவற்றுக்குப் பின் வருபவையே இந்தப் பக்கத்தின் முதன்மைப் பொருள்: ஐசோப்ரீன், மோனோடெர்ப்பீன்கள், செஸ்குவிடெர்ப்பீன்கள், மெத்தனால், எத்திலீன் முதலிய ஆவியாகும் கரிமச் சேர்மங்கள். இவற்றோடு, சில சூழல்களில், மரத்தின் தண்டு வழியே மீத்தேனும் வெளியேறுகிறது.

இவை உலகக் கணக்கில் பொருட்படுத்தத்தக்க அளவா?

ஆம். தாவரங்கள் ஆண்டுதோறும் காற்றில் விடும் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் மொத்தம் சுமார் 100 கோடி டன் என்று மதிப்பிடப்படுகிறது. இதில் ஏறத்தாழப் பாதி ஐசோப்ரீன் என்ற ஒரே ஒரு சேர்மம். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், இயற்கையும் மனிதரும் சேர்ந்து ஆண்டுக்கு வெளியிடும் மீத்தேன் மொத்தமும் 60 கோடி டன்னை ஒட்டியதே. வாகனம், எரிபொருள், கரைப்பான், வண்ணப்பூச்சு என மனிதச் செயல்களிலிருந்து வரும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களைவிடத் தாவரங்களிலிருந்து வருபவை பல மடங்கு அதிகம். இந்த உண்மையே பின்னால் ஓர் அரசியல் சர்ச்சைக்கும் காரணமாயிற்று. அதைப் பின்னர் பார்ப்போம்.

ஐசோப்ரீன் என்பது என்ன? அது ஏன் நம் மூக்குக்கு எட்டுவதில்லை?

ஐந்து கார்பன் அணுக்களும் எட்டு ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட சிறிய மூலக்கூறு அது. இயற்கை ரப்பரின் நீண்ட சங்கிலியில் திரும்பத் திரும்ப வரும் கண்ணியும் இதே வடிவம்தான். மோனோடெர்ப்பீன் இத்தகைய இரண்டு கண்ணிகளின் சேர்க்கை. செஸ்குவிடெர்ப்பீன் மூன்றின் சேர்க்கை. மனித மூச்சிலும் ஐசோப்ரீன் மிகச் சிறிய அளவில் உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

காட்டின் காற்றில் இது நூறு கோடிக்குச் சில பங்கு என்ற அளவில்தான் இருக்கிறது. அந்தச் செறிவில் மூக்கு இதை உணராது. எனவே, காட்டுக்குள் நுழைந்ததும் நாம் உணரும் மணம் பெரும்பாலும் மோனோடெர்ப்பீன்களுடையது. அளவில் மிகுந்திருக்கும் ஐசோப்ரீன் நமக்குத் தெரியாமலேயே கடந்துபோகிறது. இலைகள் இதை வெளியிடுகின்றன என்பதே 1957-ல்தான் தெரியவந்தது. ஜார்ஜியா நாட்டைச் சேர்ந்த குயிவி சனாட்சே அதைக் கண்டறிந்தார். 1960-களில் அமெரிக்காவில் ரெய்ன்ஹோல்ட் ராஸ்முசென் தனியே அதே முடிவுக்கு வந்தார்.

மரம் அரும்பாடுபட்டுச் சேர்த்த கார்பனை ஏன் காற்றில் வீணாக்குகிறது?

இத்துறையில் மிகச் சுவையான கேள்வி இதுதான். ஐசோப்ரீன் வெளியிடும் ஒரு மரம், 30 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பத்தில், தான் அப்போது பிடிக்கும் கார்பனில் சுமார் 2 விழுக்காட்டை இந்த வாயுவாகவே இழக்கிறது. வெப்பம் ஏற ஏற இந்த இழப்பும் ஏறுகிறது. பயனில்லாத செலவாக இருந்திருந்தால் இத்தனை கோடி ஆண்டுகளில் அப்பண்பு மறைந்துபோயிருக்க வேண்டும்.

இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் வெப்பத் தாங்குதிறன். ஒளிச்சேர்க்கை நடக்கும் இடம் இலைச் செல்லுக்குள் இருக்கும் பசுங்கணிகத்தின் உள்சவ்வு; திடீர் வெப்பம் அதைப் பாதிக்கக்கூடும். காற்று ஒரு நொடி நின்று மீண்டும் வீசும்போது, வெயிலில் நிற்கும் இலையின் வெப்பம் சில நொடிகளிலேயே பல டிகிரி ஏறி இறங்குகிறது. இந்தத் திடீர் ஏற்ற இறக்கத்தில் ஐசோப்ரீன் இருக்கும் இலை, இல்லாத இலையைவிட விரைவாக மீண்டுவிடுகிறது என்பதை 1995-ல் தாமஸ் ஷார்க்கியும் எரிக் சிங்சாஸும் காட்டினர். வெப்பத்தாலும் ஓசோனாலும் இலைக்குள் பெருகி அதைச் சேதப்படுத்தும் தீவிர ஆக்சிஜன் வடிவங்களை இது கட்டுப்படுத்துகிறது என்பதற்கும் சான்றுகள் உள்ளன. அண்மைய ஆய்வுகள் இதை இலையின் தற்காப்பு மரபணுக்களைத் தூண்டும் ஒரு சமிக்ஞையாகவும் பார்க்கின்றன. ஒரே ஒரு காரணம்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கு இல்லை.

இது எப்போது அதிகமாக வெளியாகிறது?

நண்பகல் வெயிலில். ஐசோப்ரீனை இலை சேமித்து வைப்பதில்லை. உண்டாக்கிய உடனே விட்டுவிடுகிறது. கண்ணாடி அறைக்குள் வைத்த இலையின் மேல் விழும் விளக்கை அணைத்தால், அளவுகோலின் கோடு சில நிமிடங்களில் ஏறத்தாழப் பூச்சியத்துக்கு இறங்கிவிடும். விளக்கை மீண்டும் ஏற்றினால் கோடும் ஏறும். வெப்பத்துக்கும் அதே போன்ற கூர்மையான தொடர்பு உண்டு: 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு இலையின் வெப்பம் உயர்ந்தால் வெளியீடு சுமார் மூன்று மடங்காகிறது. 40 டிகிரியை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, அதற்கு மேல் சரியத் தொடங்குகிறது.

பைன், தைல மரம் ஆகியவற்றின் மணமும் இதே வகையா?

ஒரே குடும்பம், ஆனால் வேறு நடத்தை. தைல மரத்தின் இலை ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், ஊசியால் குத்தியது போன்ற ஒளிபுகும் புள்ளிகள் இலை முழுவதும் சிதறிக் கிடப்பது தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். பைன் மரம் தன் பிசினைக் குழாய்களில் தேக்கி வைக்கிறது. அந்தப் பிசினுக்கு மணம் தரும் ஆல்பா-பைனீனும், எலுமிச்சை வகைகளின் தோலில் மணக்கும் லிமோனீனும் மோனோடெர்ப்பீன்கள்.

சேமித்து வைத்த பொருள் என்பதால் இவை இரவிலும் கசிகின்றன. இவற்றின் கசிவைப் பெரும்பாலும் வெப்பமே தீர்மானிக்கிறது. கிளை ஒடிந்தாலும் இலை கசங்கினாலும் ஒரேயடியாக வெளியேறுகின்றன. எனினும் இது முழு உண்மையாகாது: சேமிப்பு அறை இல்லாத சில அகன்ற இலை மரங்கள் மோனோடெர்ப்பீனையும் ஐசோப்ரீனைப் போலவே வெயிலில் மட்டும் உண்டாக்கி உடனுக்குடன் விடுகின்றன.

எல்லா மரங்களும் ஐசோப்ரீன் விடுகின்றனவா?

இல்லை. ஓக், பாப்லர், வில்லோ, தைல மரம், எண்ணெய்ப் பனை ஆகியவை தாராளமாக விடுபவை. மேப்பிள் போன்றவை கிட்டத்தட்ட விடுவதே இல்லை. நெருங்கிய உறவுள்ள இனங்களுக்குள்கூட இப்பண்பு ஒன்றில் இருக்கும், மற்றொன்றில் இருக்காது. பரிணாமத்தின் போக்கில் இப்பண்பு பலமுறை தோன்றியும் மறைந்தும் இருக்க வேண்டும் என்று கருதப்படுவதற்கு இதுவே காரணம். ஆகவே "மரங்கள்" என்று பொதுவாகப் பேசும் எந்தக் கூற்றையும் சற்று ஐயத்தோடு பார்ப்பது நல்லது.

தொலைவில் மலைகள் நீலமாகத் தெரிவதற்கு மரங்கள் காரணமா?

ஒரு பகுதி காரணம். ஆஸ்திரேலியாவின் நீல மலைகளுக்கும் அமெரிக்காவின் ஸ்மோக்கி மலைத்தொடருக்கும் பெயர் வாங்கித் தந்தது அவற்றின் மேல் கவியும் மெல்லிய நீலப் படலம். நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய தாவரவியலாளர் ஃப்ரிட்ஸ் வெண்ட், அந்தப் படலம் தாவரங்கள் விடும் டெர்ப்பீன்கள் வெயிலில் வேதிமாற்றம் அடைந்து உண்டாக்கும் நுண்துகள்களே என்று 1960-ல் எழுதினார். தாவர வளர்ச்சி ஊக்கியான ஆக்சினை இளம் வயதிலேயே பிரித்துக் காட்டிப் புகழ்பெற்றவர் அவர். இந்தக் கருத்துக்கு அன்று அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. பின்வந்த அளவீடுகள் அவர் பக்கமே நின்றன.

துகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருக்கும்போது நீல ஒளியையே அதிகமாகச் சிதறடிக்கிறது. துகள் பெரிதானால் எல்லா நிறமும் ஒன்றாகச் சிதறி வெண்மையாகத் தெரியும். நிலக்கரி எரிப்பதால் வரும் கந்தகத் துகள்கள் பெருகிய காலத்தில் ஸ்மோக்கி மலைகளின் நீலம் வெளுத்து, பார்வை எட்டும் தூரமும் குறைந்தது. அந்த வெண்படலத்துக்கு மரங்களைப் பொறுப்பாக்க முடியாது.

காற்றில் கலந்த பின் இவ்வாயுக்களுக்கு என்ன நேர்கிறது?

பகலில் காற்றில் ஹைட்ராக்சில் என்ற தீவிரமான மூலக்கூறு மிகச் சிறிய செறிவில் உருவாகிக்கொண்டே இருக்கிறது. காற்றில் சேரும் பெரும்பாலான கரிம வாயுக்களைத் தாக்கிச் சிதைப்பது அதுதான் என்பதால் அதை வளிமண்டலத்தின் துப்புரவாளர் என்றே சொல்லலாம். ஐசோப்ரீன் அதனிடம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை. ஆல்பா-பைனீனுக்கு ஒரு சில மணி நேரம். மீத்தேனோ சுமார் பத்து ஆண்டுகள் காற்றில் நீடிக்கிறது.

இந்த ஆயுள் வேறுபாட்டில்தான் காலநிலைக்கான ஒரு முடிச்சு இருக்கிறது. மீத்தேனை அழிப்பதும் அதே ஹைட்ராக்சில்தான். ஐசோப்ரீன் பெருமளவு வெளியாகும்போது ஹைட்ராக்சிலின் ஒரு பங்கு அதற்கே செலவாகிவிடுவதால், மீத்தேனின் ஆயுள் சற்று நீள்கிறது. தானே பசுங்குடில் வாயுவாக நீடிக்காத ஒரு பொருள் இன்னொரு பசுங்குடில் வாயுவைக் காப்பாற்றி வைக்கிறது என்பது இத்துறைக்கே உரிய ஒரு விசித்திரம்.

மரங்கள் காற்றை மாசுபடுத்துகின்றன என்று சொல்வது சரியா?

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1980-ல் அமெரிக்க அதிபர் தேர்தலில் போட்டியிட்ட ரொனால்ட் ரீகன், காற்று மாசின் பெரும்பங்குக்குத் தாவரங்கள் விடும் ஹைட்ரோகார்பன்களே காரணம் என்ற பொருளில் பேசினார். கேலி பெருகியது. கலிஃபோர்னியாவில் அவர் பேசவிருந்த ஒரு கல்லூரி வளாகத்தில், "இன்னொரு கொலை செய்வதற்குள் என்னை வெட்டிவிடுங்கள்" என்று ஒரு மரத்தின் மேல் மாணவர்கள் அறிவிப்பு மாட்டினர்.

மாணவர்களின் கேலி நன்றாக இருந்தது. ஆனால் வேதியியல் அவ்வளவு எளிமையானதாக இல்லை. தரைமட்ட ஓசோன், அதாவது நுரையீரலையும் பயிரையும் கெடுக்கும் ஓசோன், எவ்வாறு உருவாகிறது என்பதை 1950-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புகைப்பனியை ஆராய்ந்து விளக்கியவர் ஆரி ஹாகன்-ஸ்மிட். அதற்கு முன்பு அவர் அன்னாசிப் பழத்தின் மணப்பொருள்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். மேலே சொன்ன வெண்ட்டும் அவரும் ஒரே கல்வி நிறுவனத்தில் பணியாற்றியவர்கள். ஹாகன்-ஸ்மிட் காட்டியது இது: ஓசோன் உருவாக ஆவியாகும் கரிமச் சேர்மம், நைட்ரஜன் ஆக்சைடு, சூரிய ஒளி என மூன்றும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஓசோன் பெருகாது.

மரம் தருவது இவற்றுள் ஒன்றை மட்டுமே. நைட்ரஜன் ஆக்சைடு பெரும்பாலும் எஞ்சின்களிலிருந்தும் மின்னுற்பத்தி நிலையங்களிலிருந்தும் வருகிறது. ஆளரவமற்ற மழைக்காட்டில் நைட்ரஜன் ஆக்சைடு மிகக் குறைவு. அங்கே ஐசோப்ரீன் எவ்வளவு வெளியானாலும் ஓசோன் குறைவாகவே இருக்கிறது. சொல்லப்போனால், அத்தகைய காற்றில் ஐசோப்ரீன் ஓசோனோடு நேரடியாக வினையாற்றி அதைச் செலவழிக்கவும் செய்கிறது. அதே மரம் நெரிசல் மிகுந்த சாலையோரத்தில் நின்றால், அதே வாயு ஓசோனுக்கு மூலப்பொருளாகிறது. ஆக, மரம் விடும் வாயுவின் குணத்தை அது கலக்கும் காற்றில் ஏற்கெனவே இருப்பதுதான் தீர்மானிக்கிறது. அங்கு நைட்ரஜன் ஆக்சைடைச் சேர்த்தவர்கள் நாம்.

இதற்கு நடைமுறை விளைவும் இருந்தது. அமெரிக்க நகரங்கள் நெடுங்காலம் வாகனங்களின் ஹைட்ரோகார்பன்களைக் குறைத்தே ஓசோனைக் கட்டுப்படுத்திவிடலாம் என்று நம்பியிருந்தன. அட்லாண்டா நகரை முன்வைத்து வில்லியம் சாமைடிஸும் உடன் ஆய்வாளர்களும் 1988-ல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள மரங்கள் விடும் ஹைட்ரோகார்பன்களே ஓசோன் உண்டாகப் போதுமானவை, ஆகவே நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்காமல் பயனில்லை என்று காட்டியது. ரீகன் சொன்னதில் இருந்த பாதி உண்மை, அவர் சொல்ல விரும்பியதற்கு நேர் எதிரான கொள்கைக்கு இட்டுச்சென்றது.

அப்படியானால் நகரங்களில் மரம் நடுவது தவறா?

தவறில்லை. நிழலும் நீராவிப்போக்கும் தரும் குளிர்ச்சி ஒரு நகரத்துக்கு மிகத் தேவையானது. ஆனால் எந்த மரம் என்பது பொருட்படுத்த வேண்டிய கேள்வி. பெர்லின் நகரில் 2006 ஜூலை மாத வெப்ப அலையின்போது உருவான ஓசோனில் தாவரங்கள் விடும் சேர்மங்களின் பங்கு 60 விழுக்காடு வரை எட்டியிருக்கக்கூடும் என்று 2017-ல் ஒரு கணினி மாதிரி ஆய்வு மதிப்பிட்டது. ஐசோப்ரீன் மிகுதியாக விடும் ஒரே இனத்தை வரிசை வரிசையாக நெரிசல் சாலைகளில் நடுவதைத் தவிர்க்கலாம். வாகனப் புகையைக் குறைத்தால் இந்தக் கவலையும் கூடவே குறைந்துவிடும். மரத்தைக் குறைத்து ஓசோனைக் குறைக்க நினைப்பது வீட்டில் தீப்பிடிக்கும் என்று விறகை மட்டும் ஒளித்துவைத்துவிட்டுக் கொள்ளியை விட்டுவைப்பது போன்றது.

தோட்டப் பயிராகப் பெருமளவில் மரம் வளர்த்தால் காற்று மாறுமா?

மாறும். போர்னியோ தீவில் 2008-ல் மழைக்காட்டின் மேலும் அருகிலிருந்த எண்ணெய்ப் பனைத் தோட்டத்தின் மேலும் அளவீடுகள் எடுக்கப்பட்டன. தோட்டம் காட்டைவிடப் பல மடங்கு ஐசோப்ரீனை வெளியிட்டது. உரமிட்ட மண்ணிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் வாகனங்களிலிருந்தும் நைட்ரஜன் ஆக்சைடும் கூடினால், அப்பகுதியில் தரைமட்ட ஓசோன் தீங்கான அளவுக்கு உயரக்கூடும் என்பது 2009-ல் வெளியான அவ்வாய்வின் எச்சரிக்கை.

மரங்கள் மேகங்களை உண்டாக்குகின்றன என்பது உண்மையா?

நீராவி மட்டும் இருந்தால் மேகத்துளி உருவாகிவிடாது. அது படிந்துகொள்ள ஒரு நுண்துகள் தேவை. கடலுக்கு மேல் உப்புத் துகள்கள் அப்பணியைச் செய்கின்றன. காட்டுக்கு மேல் அந்தப் பணியில் பெரும்பங்கு மரங்கள் விட்ட வாயுக்களுக்கு உண்டு. மோனோடெர்ப்பீன் ஆக்சிஜனோடு மீண்டும் மீண்டும் சேர்ந்து கனமாகி, வாயுவாகவே இருக்க இயலாத நிலையை அடைந்து, ஏற்கெனவே உள்ள துகள்களின் மேல் படிகிறது. சில நேரங்களில் தானே புதிய துகளாகவும் திரள்கிறது. பிறக்கும்போது ஓரிரு நானோமீட்டர் அளவே உள்ள துகள், சுமார் 50 முதல் 100 நானோமீட்டர் வரை வளர்ந்தால் மேகத்துளிக்கு வித்தாகலாம்.

பின்லாந்தின் ஹைட்டியாலா பைன் காட்டில் உள்ள ஆய்வு நிலையம் 1990-களிலிருந்து இதைப் பதிவு செய்துவருகிறது. இளவேனில் நாட்களில் முற்பகலில் எண்ணற்ற புதிய துகள்கள் திடீரெனத் தோன்றி மாலைக்குள் வளர்ந்துகொண்டே போகும். இதற்குக் கந்தக அமிலம் கட்டாயம் தேவை என்றே நெடுநாள் எண்ணப்பட்டது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் கிளவுட் என்ற சோதனைக் கலத்தில் நடந்த ஆய்வு, மர வாயுவின் விளைபொருள்கள் மட்டுமே இருந்தாலும் துகள் பிறக்கும் என்று 2016-ல் நிறுவியது. நிலக்கரி யுகத்துக்கு முந்தைய வானம் நாம் எண்ணியதைவிட மேகமூட்டமாக இருந்திருக்கலாம் என்பது அதிலிருந்து பெறப்படுகிறது. தொழில்மயமாதல் மேகங்களை எவ்வளவு மாற்றியது என்ற கணக்கையே அது திருத்தக்கூடியது.

ஐசோப்ரீனின் கதை வேறு. தரைக்கு அருகில் அது புதிய துகள் பிறப்பதைத் தடுக்கவே செய்கிறது. ஆனால் அமேசான் காட்டின் மேல் இடிமேகங்கள் இரவில் அதை 10 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்துக்கு உறிஞ்சி ஏற்றுகின்றன. விடிந்ததும், கடுங்குளிரில், மின்னல் உண்டாக்கிய நைட்ரஜன் ஆக்சைடின் துணையோடு அது ஏராளமான துகள்களாகத் திரள்கிறது. 2024-ன் இறுதியில் வெளியான இரு ஆய்வுகள் இதை விளக்கின. இலையில் பகலில் பிறந்த ஒரு வாயு, மறுநாள் காலையில் வானின் உச்சியில் துகளாக மாறி, காற்றோடு வெகுதொலைவு சென்று வேறோரிடத்தில் மேகத்துக்கு வித்தாகிறது.

மரத்திலிருந்து மீத்தேன் வருகிறது என்கிறார்களே?

வருகிறது, ஆனால் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் குழப்பம். 2006-ல் ஃப்ராங்க் கெப்லர் தலைமையிலான குழு, உயிருள்ள இலைகளே ஆக்சிஜன் நிறைந்த சூழலிலும் மீத்தேன் உண்டாக்குகின்றன என்று எழுதியபோது பெரும் பரபரப்பு எழுந்தது. உலகளவில் மிகப் பெரிய தொகையும் மதிப்பிடப்பட்டது. பிற ஆய்வகங்களால் அந்த அளவை மீண்டும் காண முடியவில்லை. வலுவான புற ஊதாக் கதிர் போன்ற நெருக்கடிகளில் இலைப்பொருளிலிருந்து சிறிதளவு மீத்தேன் வெளியாகும் என்பது மட்டும் நிலைத்தது.

பேரளவு வருவது மண்ணிலிருந்து. நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. மரத்தின் வேரும் தண்டும் அதை மேலே கொண்டுவந்து பட்டை வழியே வெளியேற்றும் புகைபோக்கியாகின்றன. அமேசான் வெள்ளச் சமவெளியில் 2,300-க்கும் மேற்பட்ட மரங்களை அளந்த சுனிதா பங்கலாவின் குழு, அங்குள்ள மரங்கள் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 1.5 முதல் 2 கோடி டன் மீத்தேனை வெளியேற்றுவதாக 2017-ல் மதிப்பிட்டது.

சில மரங்களின் உள்ளே, நீர் ஊறி அழுகத் தொடங்கிய நடுக்கட்டையிலும் இதே நுண்ணுயிர்கள் குடியிருக்கும். ஆண்டு வளையங்களை எண்ணுவதற்காகத் தண்டில் மெல்லிய துளைக்கருவியைத் திருகி ஏற்றுபவர்கள் இதை நேரில் கண்டிருக்கிறார்கள்: கருவியின் வாயில் சீறலோடு காற்று வெளியேறும், தீக்குச்சியைக் காட்டினால் நீலச் சுடர் பற்றிக்கொள்ளும். பாப்லர் வகை மரம் ஒன்றிலிருந்து வந்த இத்தகைய வாயுவைப் பகுத்து அதில் மீத்தேன் மிகுந்திருப்பதை 1907-லேயே அமெரிக்க வேதியியலாளர் ஒருவர் பதிவு செய்திருக்கிறார்.

இதன் மறுபக்கம் அண்மையில்தான் வெளிப்பட்டது. நீர் தேங்காத நிலத்தில் வளரும் மரங்களின் பட்டையில் மீத்தேனை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் உள்ளன. தண்டின் அடிப்பகுதியில் சிறிது மீத்தேன் கசிந்தாலும், மேலே செல்லச்செல்ல மரம் காற்றிலிருந்து மீத்தேனை எடுத்துக்கொள்கிறது. வின்சென்ட் காவ்சியின் குழு 2024-ல் கணித்தபடி, உலகக் காடுகளின் பட்டைகள் இவ்வாறு நீக்கும் மீத்தேன் ஆண்டுக்குச் சுமார் 2.5 முதல் 5 கோடி டன். உலக மரங்களின் பட்டை அனைத்தையும் விரித்தால் பூமியின் நிலப்பரப்பை ஏறத்தாழ மூடிவிடும் என்பதை நினைத்தால் இந்த எண் அவ்வளவு வியப்பூட்டாது.

அமேசான் காடு உலகின் 20 விழுக்காடு ஆக்சிஜனைத் தருகிறதா?

தருவதில்லை. முதிர்ந்த காடு உண்டாக்கும் ஆக்சிஜனை அதன் மரங்களின் சுவாசமும், உதிர்ந்த இலையையும் விழுந்த கட்டையையும் மக்கச் செய்யும் உயிர்களும் ஏறத்தாழ முழுதாகவே செலவழித்துவிடுகின்றன. காற்றில் உள்ள 21 விழுக்காடு ஆக்சிஜன் பல கோடி ஆண்டுகளாகச் சேர்ந்த இருப்பு.

இரவில் மரத்தடியில் படுத்தால் கார்பன் டை ஆக்சைடால் ஆபத்தா?

இல்லை. ஒரு மரம் இரவில் விடும் கார்பன் டை ஆக்சைடு திறந்த வெளியில் உடனே கலந்து பரவிவிடும். அறைக்குள் உடன் உறங்கும் இன்னொருவர் விடுவது அதைவிடப் பொருட்படுத்தத்தக்கது. மரத்தடியில் அஞ்ச வேண்டியது காய்ந்த கிளையைத்தான்.

மரங்கள் இவ்வாயுக்களால் ஒன்றோடொன்று "பேசிக்கொள்கின்றன" என்பது?

பேச்சு என்ற சொல் மிகை. ஆனால் நிகழ்வு உண்மை. புழு கடித்த இலை, வெட்டிய புல்லின் மணத்தையொத்த ஆவிகளை உடனேயும், டெர்ப்பீன்களைச் சில மணி நேரத்துக்குப் பின்னும் வெளியிடுகிறது. அந்த மணத்தைப் பின்பற்றி ஒட்டுண்ணிக் குளவிகள் புழுவைத் தேடி வருகின்றன. அருகிலுள்ள கிளைகளும் செடிகளும் அதை உணர்ந்து தற்காப்பை முன்கூட்டியே முடுக்கிவிடுவதும் உண்டு. தகவல் அனுப்பவே வாயு விடப்படுகிறதா, அல்லது காயத்தின் கசிவை அண்டைச் செடி ஒட்டுக்கேட்கிறதா என்று கேட்டால், இரண்டாவதே பெரும்பாலும் பொருந்தும்.

எத்திலீன் இவ்வரிசையில் சற்றே தனித்தது. அது பழத்தைக் கனியவும் இலையை உதிரவும் வைக்கும் வளர்ச்சிப் பொருள். தெருவிளக்குகளுக்கு நிலக்கரி வாயு பயன்பட்ட காலத்தில், குழாய் கசிந்த இடங்களில் மரங்கள் பருவம் தவறி இலை உதிர்த்தன. கசிந்த வாயுவில் இருந்த எத்திலீனே காரணம் என்பதை 1901-ல் ரஷ்யாவின் திமித்ரி நெல்யூபோவ் பட்டாணி நாற்றுகளைக் கொண்டு கண்டறிய வழிகாட்டினார். தாவரமே எத்திலீனை உண்டாக்குகிறது என்பது 1934-ல் உறுதியானது.

மழை பெய்ததும் எழும் மண்வாசனையும் மரங்களுடையதா?

அதன் முதன்மையான மணப்பொருளான ஜியோஸ்மினை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குகின்றன. வறண்ட காலத்தில் பாறையிலும் மண்ணிலும் படிந்த தாவர எண்ணெய்களும் அதில் சேர்கின்றன. அந்த அளவில் தாவரங்களுக்கும் பங்கு உண்டு.

இத்தனை குறைந்த செறிவில் உள்ள வாயுக்களை எப்படி அளக்கிறார்கள்?

கிளை ஒன்றை ஒளிபுகும் பையால் மூடி, உள்ளே போகும் காற்றையும் வெளிவரும் காற்றையும், மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு பிரித்தறியும் நிறைநிறமாலைமானி வழியே ஒப்பிடுவது எளிய வழி. காட்டின் கூரைக்கு மேல் கோபுரம் எழுப்பி, மேலேறும் காற்றையும் கீழிறங்கும் காற்றையும் நொடிக்குப் பலமுறை அளப்பது அடுத்த படி. அமேசானில் இதற்காகவே 325 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று நிற்கிறது. செயற்கைக்கோள்கள் நெடுங்காலம் ஐசோப்ரீனைக் காணாமல், அது சிதைந்து உண்டாகும் ஃபார்மால்டிஹைடைப் பார்த்தே கணக்கிட்டு வந்தன. இப்போது அகச்சிவப்புக் கருவிகளால் ஐசோப்ரீனையே விண்ணிலிருந்து அளக்க முடிகிறது.

புவி வெப்பமாகும்போது வெளியீடு கூடுமா?

வெப்பம் அதைக் கூட்டும். காற்றில் கார்பன் டை ஆக்சைடு பெருகுவது இலைக்குள் ஐசோப்ரீன் உண்டாவதைக் குறைக்கும். மிதமான வறட்சியில் வெளியீடு தொடரும், கடும் வறட்சியில் அறுபட்டுவிடும். இம்மூன்றும் எதிரெதிராக இழுப்பதால் எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒற்றை விடை இல்லை. மோனோடெர்ப்பீன்களைப் பொறுத்தவரை, 10 டிகிரி உயர்வுக்குச் சுமார் இரண்டரை மடங்கு என்ற தோராய விதி பயன்படுகிறது; குளிர் நாடுகளின் ஊசியிலைக் காடுகளில் இது கூடுதல் துகள்களையும், அதனால் சற்றே பிரகாசமான மேகங்களையும் தந்து வெப்பத்தைச் சிறிதளவு தணிக்கிறது.

இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்தாலும் காடு வளர்ப்பது காலநிலைக்கு நன்மைதானா?

நன்மைதான், ஆனால் பிடித்த கார்பனை மட்டும் எண்ணிச் சொல்லும் நன்மையைவிடக் குறைவு. உலகெங்கும் காடுகளைப் பெருமளவில் விரிவாக்கினால் என்ன ஆகும் என்று கணித்த ஓர் ஆய்வு 2024-ல் வெளிவந்தது. மரங்களின் கருமையான பரப்பு கூடுதல் வெயிலை உறிஞ்சுவதும், அவை விடும் வாயுக்களால் ஓசோனும் மீத்தேனும் கூடுவதும், நீக்கப்படும் கார்பன் டை ஆக்சைடால் வரும் பயனில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈடுகட்டிவிடலாம் என்று அது கண்டது. மர வாயுக்கள் தரும் துகள்களின் குளிர்ச்சி இதில் ஒரு பகுதியை மட்டுமே திருப்பித் தருகிறது. எரிபொருள் புகையையும் பிற மாசுகளையும் கூடவே குறைக்கும் உலகில் இந்த இழப்பு ஏறத்தாழப் பாதியாகச் சுருங்குகிறது என்பதும் அதே கணிப்பின் முடிவு.